காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை: வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நுரையீரல் திருந்துவது பற்றிக் கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க வார்டுகளில் தாதியாக வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். வீட்டில் இருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். மாரி தொடங்கினால் வேலிக்கு மேலால் கேள்வி வரும். போன முறை பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "மிஸ், காய்ச்சல் விட்டு மூணு கிழமை. மனிசன் இன்னும் இருமுறார். மறுகா என்னதான் செய்யிற?" அவருக்குச் சொன்னதையும், அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டவர்களுக்குச் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. இருமல் மட்டும் ஏன் நிற்கவில்லை?

சண்டை முடிந்த பிறகுதான் திருத்த வேலை தொடங்குகிறது. காய்ச்சல் என்பது சண்டை நடக்கும் காலம். இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலில் இருக்கும் கலங்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றைச் சாகடித்துவிடுகிறது. செத்த கலங்கள் உரிந்து விழுகின்றன. சில இடங்களில் அடித்தட்டு மட்டும்தான் மிஞ்சும்.

உரிந்து போகிற கலங்கள் சும்மா இருந்தவை அல்ல. அவற்றின் தலையில் பிசிர் என்ற நுண்ணிய மயிர்கள் உண்டு, ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 200. காற்றடிக்கும்போது வயல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிருமே, அதுபோல இந்தப் பிசிர்கள் செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, தூசி ஒட்டிய சளியை நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர் என்ற கணக்கில் தொண்டைக்கு ஏற்றிவிடும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம். பிசிர் போய்விட்டால் சளியை மேலே கொண்டுவர உடம்புக்கு இருமலை விட்டால் வேறு வழியில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தோல் உரிந்த இடத்தில் நரம்பு நுனிகள் கிட்டத்தட்ட வெளியே தெரிகிற மாதிரி நிற்கும். குளிர்ந்த காற்று, ஒரு சிரிப்பு, அடுத்த வீட்டில் தாளிக்கிற செத்தல் மிளகாய் எது பட்டாலும் இருமல் கிளம்பும். மூக்கிலிருந்து தொண்டைக்குள் சளி வடிந்தாலும் இரவில் படுத்ததும் இருமல் தொடங்கும். வைரஸ் தொற்றுக்குப் பிறகு இப்படி மூன்று முதல் எட்டுக் கிழமை வரை இருமல் இழுபடுவது வழமைதான்.

அப்படியென்றால் இருமல் தொற்றுமா? பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?

ஆரோக்கியமான பெரியவர்களில் சளிக்காய்ச்சல் தொற்றும் காலம் பெரும்பாலும் முதல் ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். மூன்றாம் கிழமை இருமலில் அனேகமாக வைரஸ் இல்லை. காசநோய் போல வேறு காரணம் இருந்தால் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

புதுக் கலங்கள் எங்கிருந்து வருகின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மூச்சுக்குழாய்த் தோலின் அடியில், தரையோடு ஒட்டியபடி, அடிக்கலங்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. சாதாரண நாட்களில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. மேலே உள்ளவை வைரஸுக்கு இரையாகும்போதும் இவற்றில் பல தப்பிவிடும். வீட்டில் எடுத்துவைத்த விதைநெல் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் பயிரைக் கொண்டுபோனாலும் விதை வீட்டில் இருக்கிறது.

காயம் பட்டதும் தப்பிய கலங்கள் முதலில் தட்டையாகி, பக்கவாட்டில் ஊர்ந்து, வெறுமையான இடத்தை மூடுகின்றன. இது சில நாட்களில் நடந்துவிடும். பிறகு பிரிந்து பெருகித் தோலைத் தடிப்பாக்குகின்றன. அதற்கும் பிறகுதான் யார் சளி சுரப்பது, யார் பிசிர் வைப்பது என்ற பங்கீடு நடக்கிறது. பிசிர் முளைப்பது கடைசி வேலை. முளைத்த பிசிர்கள் எல்லாம் ஒரே பக்கமாக அடிக்கப் பழகவும் வேண்டும். எல்லாம் சரியாகி முடியச் சில கிழமைகள் ஆகும்.

இந்த ஒழுங்கில் ஒரு சிக்கல் உண்டு. இடையில் கொஞ்சக் காலம் சளி சுரக்கும் கலங்கள் கூடுதலாகவும், அதைத் தள்ளும் பிசிர்கள் குறைவாகவும் இருக்கும். "சுகமாகிக்கொண்டு வரும்போதுதானே சளி கூடுது" என்று பலர் குறைப்படுவதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியா ஆகிவிட்டால்? அதுவும் திருந்துமா?

பெரும்பாலும் திருந்தும். ஆனால் இது குழாய்த் திருத்தத்தை விட நுணுக்கமான வேலை.

மூச்சுக்குழாய் மரம்போல் கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் சிற்றறைகள் என்ற நுண்ணிய காற்றுப் பைகளில் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 முதல் 50 கோடி வரை இருக்கலாம். விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர், நம் ஊர்க் கணக்கில் மூன்று பேர்ச்சுக்குக் கிட்ட. அவ்வளவு காணியும் நெஞ்சுக்கூட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது! காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

இந்தச் சுவரில் இரண்டு வகைக் கலங்கள். முதலாம் வகை தோசை மாதிரி மெல்லியதாகப் பரந்து, பரப்பில் நூற்றுக்கு 95 பங்கை மூடிக்கிடக்கும். ஒட்சிசன் இதன் வழியாகத்தான் கடக்கிறது. இரண்டாம் வகை மூலைகளில் குட்டையாக உருண்டு நிற்கும். சிற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்துவிடாமல் காக்கும் ஒரு வழுவழுப்பான பொருளை அவைதான் சுரக்கின்றன.

முதலாம் வகை பிரிந்து பெருகாது என்றே சொல்லலாம். அது செத்தால் அந்த இடத்துக்கு இரண்டாம் வகைதான் வரவேண்டும். மூலையில் நின்ற உருண்டைக் கலம் பிரிந்து, அதில் ஒரு பங்கு இழுபட்டுத் தட்டையாகி, முதலாம் வகையாகவே மாறிவிடும். நடுவில் இரண்டும் இல்லாத ஒரு நிலை உண்டு. சாதாரணமாகக் கலம் அதைத் தாண்டிப் போய்விடும். வீக்கம் அடங்காமல் நீடித்தால் அங்கேயே சிக்கி நிற்கலாம். தழும்பு விழும் கதை பெரும்பாலும் இங்கே தொடங்குகிறது.

துப்புரவு வேலையும் சேர்ந்தே நடக்கிறது. பெருவிழுங்கிகள் என்ற வெள்ளைக் கலங்கள் செத்தவற்றையும் சீழையும் விழுங்கித் தீர்க்கும். தேங்கிய நீரைச் சிற்றறைச் சுவரே உறிஞ்சி வெளியே அனுப்பும். பிறகு அதே பெருவிழுங்கிகள் சண்டைக் குணத்தை விட்டுவிட்டு, திருத்தும் கலங்களுக்குச் சைகை கொடுக்கத் தொடங்கும். இந்த மாற்றம் நேரத்துக்கு நடக்காவிட்டால் வீக்கம் இழுபடும்.

மிகக் கடுமையான இன்ஃபுளுவென்சாவில் என்ன நடக்கும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் வகையும் அழிந்த இடங்களுக்கு மூச்சுக்குழாய்ப் பக்கத்து மூலக்கலங்கள் இடம்பெயர்ந்து வந்து மூடிவிடுகின்றன. ஓட்டை அடைபடும், ஆனால் அந்த இடத்தில் ஒட்சிசன் சரியாகக் கடக்காது. 1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பிறகு ஓடு கிடைக்காமல் கிடுகு போட்டுக் குடியிருந்த வீடுகளை எங்கள் அம்மா சொல்வார். மழைக்குக் காக்கும், ஓடு ஆகாது.

தழும்பு விழுந்தால் நிரந்தரமா?

எல்லாம் அல்ல. திருத்த வேலைக்குக் கொலாஜன் என்ற நார் வேண்டும், வேலை முடிந்ததும் அதில் கூடியதை உடம்பு கரைத்துவிடும். கொவிட் நியூமோனியாவில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பலருக்கு ஸ்கேனில் தெரிந்த மாற்றங்கள் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, குறைந்துகொண்டே வந்தன. வென்டிலேட்டரில் இருந்தவர்கள், வயதானவர்கள், புகைப்பவர்கள் இவர்களில் சிலருக்கு மிச்சம் நிற்கும். தடித்துப்போன தழும்பு பழையபடி சிற்றறையாக மாறாது. ஆனால் சும்மா தடிமன் காய்ச்சல் வந்து போனவருக்கு இந்தப் பயம் தேவையில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்குக் காலையில் நாலு பேர் ஸ்கேன் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள்.

எக்ஸ்ரேயில் இன்னும் நிழல் இருக்கிறதாம். ஆளுக்குச் சுகம். எதை நம்புவது?

ஆளை நம்புங்கள், கிளினிக் திகதியையும் தவறவிடாதீர்கள். நியூமோனியாவில் எக்ஸ்ரே எப்போதும் ஆளுக்குப் பின்னால்தான் வரும். வயது போனவர்களில் நிழல் கரைய ஆறு கிழமைக்கு மேலும் எடுக்கும். ஐம்பதைத் தாண்டியவர், புகைக்கிறவர் என்றால் ஆறு கிழமையளவில் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். நிழலுக்குப் பின்னால் கட்டி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. "இப்ப நல்லாத்தானே இருக்கன்" என்று விட்டுவிடாதீர்கள்.

சளி பச்சையாக வருகிறது. அன்டிபயோட்டிக் வேண்டாமா?

நிறத்தை மட்டும் பார்த்து வேண்டாம். வெள்ளைக் கலங்களுக்குள் பச்சை நிறமான ஒரு நொதியம் இருக்கிறது. அவை கூட்டமாகச் செத்துச் சளியில் கலந்தால் பச்சையாகத்தான் தெரியும். வைரஸ் தொற்றிலும் அப்படித்தான். அன்டிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது, உரிந்த தோலை வேகமாக வளர்க்கவும் செய்யாது. போன முறை எழுதிக் கொடுத்த துண்டைக் கொண்டுபோய் பார்மசியில் திரும்ப வாங்குகிற பழக்கத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும், அதனால் விடுகிறேன்.

சுகமாகி வந்து, பிறகு திரும்பவும் காய்ச்சல் அடித்தால்?

இதைத்தான் கவனிக்க வேண்டும். தோல் உரிந்து பிசிர் இல்லாமல் கிடக்கும் நாட்களில் பக்டீரியாவுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. 1918 இன்ஃபுளுவென்சாவில் இறந்தவர்களில் மிகப் பலரைக் கொன்றது பின்னால் வந்த பக்டீரியா நியூமோனியாதான். நாலைந்து நாள் சுகமாக இருந்துவிட்டு மறுபடி நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்து, துருநிறச் சளி என்று வந்தால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். இங்கே அன்டிபயோட்டிக்குக்கு வேலை உண்டு.

எத்தனை நாள் இருமலைப் பொறுக்கலாம்?

நாளுக்கு நாள் குறைந்து வந்தால் பொறுக்கலாம். ஆனால் இரண்டு கிழமையைத் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்வது நல்லது. வைரஸ் இருமல் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது காசநோய் மெல்ல நுழைந்துவிடும். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, நிறை குறைதல், சளியில் இரத்தம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அரசாங்க மார்பு நோய்க் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழமையான சிகிச்சை ஆறு மாதம், முழுக்கச் சுகமாகும். ஊரில் தெரிந்துவிடும் என்று பயந்து இருமலை மறைத்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்து சேர்ந்தபோது வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. எட்டுக் கிழமை தாண்டினால் காசநோய் இல்லை என்று தெரிந்திருந்தாலும் காரணம் தேட வேண்டும்.

படுவான்கரையில் வயல் செய்கிறோம், சீனி வருத்தமும் இருக்கிறது. எங்களுக்கு ஏதும் விசேஷமா?

ஆம், இதை நகரத்துப் புத்தகங்களில் காண மாட்டீர்கள். வயல் சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியா மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருகிறது. இலங்கையில் பல மாவட்டங்களில் கண்டுபிடித்திருக்கிறார்கள், மட்டக்களப்பும் அதில் ஒன்று. கால் வெடிப்பு வழியாகவோ, மழைக்காலத்தில் மூச்சோடோ உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். நியூமோனியா மாதிரியே வரும், சாதாரண அன்டிபயோட்டிக்குக்குப் பல வேளை அடங்காது. சரியான மருந்தை முதலில் ஊசியாகவும் பிறகு மாதக்கணக்கில் குளிசையாகவும் எடுக்க வேண்டும்.

ஆகவே பெரும்போக விதைப்புக் காலத்தில் காய்ச்சலும் இருமலும் வந்து டொக்டரிடம் போனால், கேட்கும்வரை காத்திருக்காமல் இரண்டு விடயத்தை நீங்களே சொல்லுங்கள்: "எனக்குச் சீனி இருக்கு, நான் வயலுக்குள்ள இறங்கினனான்." எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்கவும் இந்தத் தகவல் உதவும், அதுவும் நுரையீரலைத் தாக்கக்கூடியது. சீனி ஏறியிருக்கும்போது வெள்ளைக் கலங்களும் ஒழுங்காக வேலை செய்யாது, திருத்தமும் மந்தமாகும். காய்ச்சல் நாட்களில் சீனி தானாக ஏறும், அளந்து பாருங்கள்.

கொத்தமல்லி, ஆவி, தேன்?

கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடியுங்கள், எனக்கும் பிடிக்கும். சூடான நீர் எதுவும் தொண்டைக்கு இதம், சளியையும் இளக்கும். நுரையீரல் தோலை அது வளர்க்காது. தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்குச் சான்று உண்டு, இரவில் ஒரு கரண்டி போதும். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

ஆவி பிடிப்பதில்தான் எனக்குச் சண்டை. கொதிக்கும் சட்டியைக் கட்டிலில் வைத்து, பிள்ளையையும் போர்வைக்குள் இழுத்து, அது கவிழ்ந்து தொடை வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் வேண்டுமானால் மேசையில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டுப் பிடியுங்கள். மூக்கடைப்பு இளகும், அவ்வளவுதான்.

பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்துகிற வீடுகளும் உண்டு. கலம் கட்டப் புரதம் வேண்டிய நேரத்தில் கஞ்சியோடு நிறுத்துவது அநியாயம். மீன் குழம்பு கொடுங்கள்.

எது திருத்தத்தைக் கெடுக்கிறது?

புகை. இந்தப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் முழுக்கச் சொல்கிறேன். சிகரெட், பீடி, சுருட்டு. விறகடுப்பு, அதுவும் மாரியில் ஈர விறகு. மூடிய அறைக்குள் விடிய விடிய எரியும் நுளம்புத் திரி. சாம்பிராணி. வெட்டு முடிந்ததும் கொளுத்தும் வைக்கோல். முளைத்துக்கொண்டிருக்கும் பிசிர்களைச் சிகரெட் புகை மந்தமாக்கும், வளர்ந்தாலும் கட்டையாகவே நிற்கும். நெல் ஆலைத் தூசியும் சூடடிக்கும் தூசியும் இதே கணக்குத்தான்.

செய்யக்கூடியது சின்னச் சின்ன வேலைகள். இருமல் ஓயும்வரை இருமுகிறவரை அடுப்படிக்கு விடாதீர்கள், வேறு யாராவது சமைக்கட்டும். (இருமுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் என்பதும், அப்போது இந்த ஆலோசனை யாருக்கும் காதில் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும்.) திரிக்குப் பதில் நுளம்பு வலை போடுங்கள். சிகரெட்டை நிறுத்த இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது. விட்ட முதல் சில கிழமைகளில் இருமல் கூடலாம், பிசிர்கள் திரும்ப வேலை தொடங்குவதாலும் அப்படி வரும். அதைக் கண்டு "சிகரெட்தான் எனக்கு மருந்து" என்று திரும்பப் பற்றவைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இழுப்பு இல்லாதவருக்கும் இழுப்பு வருகிறதே?

தொற்றுக்குப் பிறகு சில கிழமைகள் மூச்சுக்குழாய் தொட்டால் சுருங்கும் நிலையில் இருக்கும். அது ஆஸ்துமா என்று உடனே பெயர் வைக்க முடியாது. டொக்டர் கொஞ்ச நாளைக்குப் பம்ப் தரலாம். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் வழமையான பம்பை நிறுத்தவே கூடாது, முட்டு அதிகமாக வரும் காலமே இதுதான்.

பலூன் ஊதினால் நுரையீரல் பலமாகுமா?

பலூனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் நடவுங்கள். எந்தப் பயிற்சியும் புதுச் சிற்றறை முளைக்க வைக்காது. ஆனால் படுத்தே கிடந்தால் கால், நெஞ்சுத் தசைகள் மெலிந்து, அந்தக் களைப்பும் மூச்சு வாங்கலாகவே தெரியும். கதைத்துக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். வசனத்தை முடிக்க முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். முதலில் வளவைச் சுற்றி, பிறகு சந்திவரை, பிறகு கடற்கரைவரை. வாவியில் வலை இழுக்கிறவர், மூட்டை தூக்குகிறவர் என்றால் நியூமோனியாவுக்குப் பிறகு பாதி வேலையில் தொடங்கிக் கூட்டுங்கள். நடந்த அடுத்த நாள் அடித்துப் போட்டதுபோல் கிடந்தால் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்கு?

பிள்ளைகளின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. சிற்றறைகளின் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று வயதில் உண்டாகிறது, பிறகும் கூடும். ஆகவே அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகத் திருந்துவார்கள். பாலர் பாடசாலைப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை தடிமன் வருவது சாதாரணம். ஒன்றின் இருமல் ஓய்வதற்குள் அடுத்தது தொடங்கும், தாய்க்கு அது வருடம் முழுக்க ஒரே இருமலாகத் தெரியும்.

மூச்சை எண்ணப் பழகுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்.

எப்போது ஆம்புலன்ஸ்?

இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், ஆள் குழம்பிக் கதைத்தால், இரத்தம் இருமினால் உடனே 1990. கட்டணம் இல்லை. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி வீட்டில் இருந்தால் 94க்குக் கீழே போவது டொக்டரிடம் காட்ட வேண்டிய விடயம், 92க்குக் கீழே அவசரம். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ பிழையாகக் காட்டும். மனிதர் மூச்சுத் திணறும்போது எண் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல்படாதீர்கள்.

ஊசி போட்டால் இதெல்லாம் தவிருமா?

இன்ஃபுளுவென்சா ஊசி முழுக்கத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். வைரஸ் மாறிக்கொண்டிருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். இலங்கையில் இந்தக் காய்ச்சல் பொதுவாக ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் கூடும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சீனி, இதய, நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் அதற்கு முன்பே டொக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது.

முழுக்கச் சுகமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காய்ச்சலுக்கு முன் சாதாரணமாகச் செய்த ஒரு வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிப்பதாக இருக்கலாம், கிணற்றில் நாலு வாளி அள்ளுவதாக இருக்கலாம். அதை நடுவில் நிற்காமல் செய்ய முடிகிறதா, வாய்விட்டுச் சிரித்தால் இருமல் தொடங்குகிறதா, இரவு முழுக்கத் தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு ஐயா சளிப் பரிசோதனையும் செய்தார், ஒன்றும் இல்லை. ஏழாம் கிழமை முடிவில் ஒரு காலை வேலிக்கு மேலால் கூப்பிட்டார். இருமலைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று போனேன். தேங்காய் பறிக்க ஏணி கேட்டார்.